போட்டால் ஏதோ சரியில்லை: ஆண்கள் உடையில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்ததும் ஏதோ உறுத்துகிறது. எது என்று தெரியவில்லை. உடனே இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வந்துவிடும்: "என் உடம்புக்கு எதுவும் எடுபடாது", இல்லையென்றால் "என் நிறத்துக்கு இந்தக் கலர் சரிவராது". இரண்டுமே பெரும்பாலும் அவசரத் தீர்ப்புகள். நிறத்தின் மேல் பழி விழும் பல சட்டைகளில் உண்மையான கோளாறு தோள் தையலிலோ நீளத்திலோ இருக்கும். அளவில் உள்ள கோளாறை டெய்லர் ஓரளவு சரிசெய்துவிடுவார். நிறத்தை யாராலும் திருத்த முடியாது. அதனால் முதலில் அளவு, பிறகு நீளம், அப்புறம் துணியின் கனம், கடைசியில்தான் நிறம். இந்த வரிசையைத் தலைகீழாகப் பார்ப்பவர்கள், அதே தப்பான அளவை வேறு வேறு நிறங்களில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

பார்ப்பதற்கு முன்

தலைக்கு நேர் மேலே விளக்கு எரியும் அறையில் பார்க்காதீர்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் கண்ணுக்குக் கீழும் தொப்பைக்குக் கீழும் நிழலைக் கூட்டிக் காட்டும். பகலில், ஜன்னலைப் பார்த்தபடி நில்லுங்கள். பர்ஸ், போன், சாவி எல்லாம் பையிலிருந்து வெளியே வரட்டும். வழக்கமாகப் போடும் ஷூ காலில் இருக்க வேண்டும். வயிற்றை எக்கி நிற்பதில் பயனில்லை. பத்து நிமிடம் கழித்து எப்படி நிற்பீர்களோ அப்படியே நில்லுங்கள்.

கண்ணாடியைவிடப் புகைப்படம் நம்பகமானது, ஆனால் எடுக்கும் விதம் முக்கியம். முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்து அருகிலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும். உடம்பில் எந்தக் குறையும் இல்லாமலேயே குள்ளமாகத் தெரிவோம். ஒருவரிடம் போனைக் கொடுத்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று, போனை வயிற்று உயரத்தில் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு என மூன்று படங்கள் வேண்டும். முதுகை யாரும் பார்ப்பதில்லை. பாதிக் கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படத்தில் தேட வேண்டியது சுருக்கங்களை. விறைப்பாக இழுபட்டு ஓடும் கோடு என்றால் அந்த இடம் இறுக்கம். கோடு எங்கே போய்ச் சேருகிறதோ அங்கேதான் துணி போதவில்லை. தளர்ந்து செங்குத்தாகத் தொங்கும் மடிப்பு என்றால் துணி மிச்சம். சாய்வாக ஓடும் கோடு பெரும்பாலும் நிற்கும் வாகையோ, தோள் சரிவையோ, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருப்பதையோ காட்டும். கீழே வரும் பாதி விஷயங்களை இந்த மூன்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பொத்தான் அருகே துணி எக்ஸ் போல இழுக்கிறது

எந்தப் பொத்தான் என்று பாருங்கள். மார்புக்கு நேராக இழுத்தால் மார்பளவு போதவில்லை. தொப்புளுக்கு அருகே இழுத்தால் வயிறு. கடைசிப் பொத்தானில் என்றால் இடுப்பு எலும்புப் பகுதி. நின்றால் தெரியாமல் உட்கார்ந்தால் மட்டும் பொத்தான்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறது என்றாலும் வயிற்றுப் பகுதி இறுக்கம்தான். சாதாரணச் சட்டையில் மார்புச் சுற்றளவைவிடச் சட்டையின் சுற்றளவு 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருக்கும். கச்சிதமான வெட்டில் இது குறையும்.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குவார்கள். வயிறு இறுக்குகிறது என்று எல் அளவிலிருந்து எக்ஸ்எல்லுக்குப் போவார்கள். வயிறு சரியாகும், தோள் தையல் புஜத்தில் இறங்கும், கழுத்து தொளதொளக்கும், கை உள்ளங்கை வரை வரும். ஒரு பிழையை நீக்கி மூன்று பிழைகளை வாங்கிய கதை. அளவை மாற்றும் முன் வெட்டை மாற்றிப் பாருங்கள். ஸ்லிம் ஃபிட் போட்டிருந்தால், அதே அளவில் ரெகுலர் ஃபிட். பெரும்பாலும் தோள் அதேதான் இருக்கும், வயிற்றுப் பகுதியில் மட்டும் துணி கூடும்.

இறுக்கமான ரெடிமேட் சட்டையைப் பிரித்துப் பெரிதாக்கலாம் என்று நம்ப வேண்டாம். பக்கத் தையல் மடித்து அடித்திருப்பதால் உள்ளே விடுவதற்குத் துணி அநேகமாக இருக்காது. தொளதொளப்பானதைப் பிடித்துத் தைப்பது சுலபம்: பக்கத் தையலில் பிடிக்கலாம், அல்லது முதுகில் இரண்டு டார்ட் (துணியை உள்ளே ஒடுக்கித் தைக்கும் கூர்மடிப்பு) போடலாம். இரண்டு அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், தோள் சரியாக உட்காரும் வரைக்கும், கொஞ்சம் லூஸான பக்கம் சாயுங்கள்.

கோட் போட்டாலும் இதே எக்ஸ் வரும். அதற்கு முன் கீழ்ப் பொத்தானைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டு பொத்தான் கோட்டின் கீழ்ப் பொத்தான் திறந்தே இருக்கும்படிதான் வெட்டுகிறார்கள். போட்டால் இடுப்பில் இழுக்கத்தான் செய்யும்.

தோள் தையல் இடம் மாறி நிற்கிறது

தோளின் மேல் விரலை வைத்து வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். எலும்பு முடிந்து கை சரியத் தொடங்கும் இடம் தட்டுப்படும். தையல் அங்கே இருக்க வேண்டும். அதற்கு வெளியே விழுந்தால் சட்டை பெரிது. உள்ளே ஏறி நின்று புஜத்தின் மேல் துணி இழுத்தால் சிறிது. தோளைத் திருத்துவது டெய்லருக்குப் பெரிய வேலை. கையையே பிரித்து மறுபடி வைக்க வேண்டும். ரெடிமேட் வாங்கும்போது தோள் சரியில்லை என்றால், மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள். (வேண்டுமென்றே தோள் இறங்கும்படி வெட்டும் ஓவர்சைஸ் பாணி வேறு கணக்கு. அது அகலத் தோளுக்கு எடுக்கும். சரிந்த தோளுக்கு இன்னும் சரிவைத்தான் கூட்டும்.)

தோள் அகலம் சரியாக இருந்தும் உட்காராத சட்டை உண்டு. முதுகில், காலருக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு நிற்கிறதா? உங்கள் தோள் நிமிர்ந்த, ஏறத்தாழ மட்டமான தோள். சட்டையோ சரிந்த தோளுக்கு வெட்டியது. மாறாக, கழுத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகக் கோடுகள் இறங்கினால் உங்கள் தோள் சட்டையைவிட அதிகமாகச் சரிந்திருக்கிறது. சாய்வுக் கோடு ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தத் தோள் இறக்கம். இது ரொம்பச் சாதாரணம். பலருக்கு ஒரு தோள் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும்.

தைத்துப் போடுபவர்கள் இதை டெய்லரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாடாவால் எடுக்கும் தோள் அகலத்தில் தோளின் சரிவு பதியாது. கோட்டாக இருந்தால் தாழ்ந்த பக்கம் சற்றுக் கனமான பேட் வைத்து மட்டமாக்கிவிடுவார்கள். ரெடிமேட் சட்டைதான் வழி என்றால், பெரிய கட்டம் போட்டதையும் அகலமான குறுக்குக் கோட்டையும் தவிருங்கள். கோடு மட்டத்திலிருந்து சரிவது, எதிரே நிற்பவர் கண்ணில் முதலில் படும்.

கையைத் தூக்கினால் சட்டை முழுக்க வெளியே வந்துவிடுகிறது

சட்டையின் நீளம் போதவில்லை என்று தோன்றும். காரணம் பெரும்பாலும் கைக்குழி, அதாவது உடற்பகுதியில் சட்டைக் கையை வைத்துத் தைக்கும் வளைவு. கைக்குழி தாழ்வாக இருந்தால் கையும் உடற்பகுதியும் ஒட்டிக்கொண்டதுபோல நகரும்; கையைத் தூக்கினால் சட்டையே ஏறும். அக்குளுக்கு அருகில் ஏறி நிற்கும், அறுக்காத கைக்குழிதான் கையைத் தாராளமாக அசைய விடும். "லூஸாக இருந்தால் வசதி" என்ற நம்பிக்கை உடற்பகுதிக்கு ஓரளவு பொருந்தும், கைக்குழிக்குப் பொருந்தாது. இதையும் ரெடிமேடில் திருத்த முடியாது. போட்டுப் பார்க்கும்போதே இரண்டு கையையும் தூக்கிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

தொப்பை இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது

இதற்குக் கறுப்புச் சட்டை போடு என்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். அடர் நிறம் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் முதல் குற்றவாளி பேன்ட் என்பது என் கட்சி.

பக்கவாட்டுப் படத்தை எடுத்துப் பாருங்கள். பேன்ட் பட்டி வயிற்றின் அடியில் இறங்கி நிற்கிறதா? அப்படியென்றால் வயிறு முழுவதும் பட்டிக்கு மேலே, சட்டைக்குள் தனியாகத் தொங்கும். பெல்ட் அதற்கு அடிக்கோடு போடும். கவட்டைக்கும் பட்டிக்கும் உள்ள உயரம் குறைந்த பேன்ட் இப்படித்தான் நிற்கும். இடுப்புச் சுற்றளவைக் குறைத்து வாங்கிவிட்டு "34-தான் போடுகிறேன்" என்று திருப்திப்படுபவர்கள் இந்த நிலையில்தான் இருப்பார்கள். லேபிளில் உள்ள எண்ணை நம்பவும் முடியாது. ஒரே எண் இரண்டு பிராண்டுகளில் இரண்டு அளவாக இருக்கும். நாடாவால் அளந்ததுதான் அளவு.

திருத்தம்: தொப்புளுக்குச் சற்றுக் கீழே, வயிற்றின் மேலேயே பட்டி உட்காரும் உயரமுள்ள பேன்ட். சுற்றளவு எண் ஏறத்தான் செய்யும், ஏறட்டும். அப்போது துணி வயிற்றின் முன்புறத்திலிருந்து நேராகக் கீழே விழும். வயிறு தனி உருண்டையாகப் பிரியாது, காலும் நீளமாகத் தெரியும். பட்டி நழுவுகிறது என்று பெல்ட்டை இறுக்காமல் தோளில் மாட்டும் சஸ்பெண்டர் போட்டால் இன்னும் நல்லது. வயிற்றின் வளைவில் பெல்ட் நிற்பது கஷ்டம். தோளிலிருந்து தொங்கும் துணிக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. முன்பக்கம் பட்டிக்குக் கீழே பிளீட், அதாவது மடிப்பு, வைத்த பேன்ட் உட்காரும்போது இடம் கொடுக்கும். நிற்கும்போதே பிளீட் வாய் பிளந்து நின்றால் அளவு சிறிது என்று பொருள்.

அடுத்தது சட்டையின் துணி. மெல்லிய, வழுவழுப்பான, பின்னிய பனியன் துணி உடம்பின் ஒவ்வொரு வளைவிலும் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பு இருந்தால் வளைவின் உச்சியில் வெளிச்சம் தெறித்து, இங்கே பார் என்று காட்டும். பளபளப்பில்லாத, சொந்தமாக நிற்கும் அளவுக்குக் கனமுள்ள நெசவுத் துணி வேண்டும். போலோ டி-ஷர்ட்டின் கீழ் விளிம்பில் இறுக்கமான ரிப் பட்டை இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அது வயிற்றுக்கு அடியில் கவ்விப் பிடித்து மேலே உள்ளதைப் பொம்மச் செய்யும்.

இன் பண்ணுவதா, வெளியே விடுவதா? பேன்ட் சரியான உயரத்தில் இருந்தால் இன் பண்ணினாலே நன்றாக இருக்கும். வெளியே விடுவதென்றால் அடி நேராக வெட்டிய, பேன்ட் ஜிப்பின் பாதி வரை வரும் சட்டை. பின்னால் நீண்ட வால் போல வளைந்த அடியுள்ள சட்டை இன் பண்ணுவதற்காகவே தைத்தது. பொத்தான் போடாத ஒரு மேல்சட்டையோ கோட்டோ இருந்தால் நடுவில் செங்குத்தாக ஒரு பட்டை மட்டும் தெரியும். வயிற்றின் இரு விளிம்புகளும் மறையும். கறுப்பைவிட இது நன்றாக வேலை செய்யும்.

ஒல்லி உடம்பில் சட்டை கொடியில் காய்வதுபோல் இருக்கிறது

ஒல்லியானவர்கள் இரண்டு விதமாகத் தவறுவார்கள். உடம்பை மறைக்கப் பெரிய சட்டை. அல்லது இருப்பதைக் காட்ட ஒட்டிப் பிடிக்கும் சட்டை. முதலாவது தோளில் மட்டும் தொங்கி உள்ளே ஆளே இல்லை என்று சொல்லும், இரண்டாவது மணிக்கட்டையும் காறை எலும்பையும் எண்ணிக் காட்டும். நடுவழி: தோள் துல்லியமாக, உடற்பகுதி உடம்பைத் தொடாமல் அருகே விழும்படி.

இங்கே துணிதான் பாதி வேலையைச் செய்யும். ஆக்ஸ்ஃபோர்டு, டெனிம், கார்டுராய், ஃபிளானல் போல மேற்பரப்பில் சொரசொரப்பும் கனமும் உள்ள துணி தன் வடிவத்தைத் தானே தாங்கி நிற்கும். டி-ஷர்ட்டின் மேல் திறந்த சட்டை என்று இரண்டு அடுக்கு போட்டால் உடம்புக்குக் கொஞ்சம் கனம் சேரும். மேல் பாக்கெட், தோள்பட்டி எல்லாம் மார்புப் பகுதியை நிரப்பிக் காட்டும்.

அரைக்கைச் சட்டையில் கை விளிம்பைப் பாருங்கள். புஜத்தைச் சுற்றிக் குடை போல விரிந்து நின்றால் கை இருப்பதைவிட மெலிந்து தெரியும். அந்த ஒரு விளிம்பைப் பிடித்துத் தைத்தால் போதும், மொத்தச் சட்டையும் மாறிவிடும். இவ்வளவு குறைந்த வேலைக்கு இவ்வளவு பலன் தரும் ஆல்டரேஷன் வேறு இல்லை. கழுத்துப் பொத்தானைப் போட்ட பிறகு காலருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று நான்கு நுழைந்தால் கழுத்து மெலிந்து தெரியும். பேன்ட்டும் ஸ்கின்னி வேண்டாம். தொடையிலிருந்து நேராக இறங்கும் வெட்டுதான் மெலிந்த காலுக்கு நல்லது.

குள்ளமாகத் தெரிகிறது

உயரத்தைத் துணியால் கூட்ட முடியாது. கால் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் மாற்றிக் காட்டலாம். வெளியே விட்ட சட்டை தொடை வரை இறங்கினால், பார்ப்பவர் கண்ணுக்குக் கால் அங்கேதான் தொடங்கும். சட்டையை இரண்டு அங்குலம் குறைத்துத் தைத்தாலே வித்தியாசம் தெரியும். பேன்ட் கணுக்காலில் கும்பலாக மடிந்து கிடந்தால் அதையும் வெட்டுங்கள். ஷூவின் மேல் இலேசாகத் தொட்டால் போதும். மேலே வெளிர், கீழே அடர் என்று உடம்பைச் சரிபாதியாக வெட்டுவதைவிட, மேலும் கீழும் அருகருகே உள்ள நிறங்களில் போடுவது நல்லது. கோட்டின் நீளத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: பின்கழுத்திலிருந்து தரை வரை உள்ள உயரத்தில் சரிபாதி. குள்ளமானவர்கள் அதைவிடச் சற்றுக் குறைக்கலாம், கூட்டக் கூடாது.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற அறிவுரை: குறுக்குக் கோடு குண்டாகக் காட்டும், நெடுக்குக் கோடு உயரமாகக் காட்டும். 1867-லேயே ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் ஒன்றைக் குறுக்குக் கோடுகளாலும் மற்றதை நெடுக்குக் கோடுகளாலும் நிரப்பினால், குறுக்குக் கோடு போட்டதுதான் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும். 2011-ல் பீட்டர் தாம்சன், கிரியாக்கி மிகெலிடூ என்ற ஆய்வாளர்கள் இதை ஆடை அணிந்த உருவங்களில் சோதித்தார்கள். அங்கேயும் குறுக்குக் கோடு பருமனைக் கூட்டிக் காட்டவில்லை. ஆகவே பிடித்த கோடு போட்ட சட்டையைப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. என் எச்சரிக்கை ஒன்றுதான்: நேர்க்கோடு எதுவானாலும் இறுக்கமான இடத்தில் வளையும். வயிற்றில் இழுக்கும் சட்டையில் கோடு இருந்தால், இழுப்பைக் கோடே வரைந்து காட்டிவிடும்.

மிக உயரமாக, ஒல்லியாக இருப்பவர்களுக்கு முக்கியப் பிரச்சினை கையின் நீளம்தான். முழுக்கைச் சட்டை மணிக்கட்டு எலும்பை மூட வேண்டும். கையை நீட்டும்போது அதற்கு மேலே ஏறி நின்றால் குட்டை. கைநீளம் தனியாகக் குறித்து விற்கும் சட்டையைத் தேடுங்கள், இல்லையென்றால் தைத்துக்கொள்ளுங்கள்.

பேன்ட்டில் மட்டும் கோளாறு

பக்கப் பாக்கெட்டுகள் காது போல விரிந்து நின்றால் இடுப்பு எலும்புப் பகுதி இறுக்கம். கவட்டையிலிருந்து இரு தொடைக்கும் மீசை போலக் கோடுகள் பாய்ந்தால் தொடை இறுக்கம் அல்லது முன் உயரம் குறைவு. பின்னால் பிருஷ்டத்துக்குக் கீழே பை போலத் துணி தொங்கினால் அங்கே மிச்சம். பேன்ட்டின் பின்பக்க நடுத் தையலில் இரண்டு பக்கமும் கொஞ்சம் துணி விட்டிருப்பது வழக்கம் என்பதால், சட்டையைப் போல அல்லாமல் பேன்ட்டைக் கொஞ்சம் பிரித்துப் பெரிதாக்கவும் முடியும். வாங்கும்போதே உள்ளே புரட்டிப் பாருங்கள்.

உடற்பயிற்சி செய்து தொடை பருத்தவர்களுக்குத் தொடை சரியாக இருந்தால் இடுப்பு தொளதொளக்கும். தொடைக்கு வாங்கி இடுப்பைப் பிடிப்பதுதான் வழி. சுமார் 5 சென்டிமீட்டர் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பின் பாக்கெட்டுகள் ஒன்றை ஒன்று முட்டத் தொடங்கும்.

அளவெல்லாம் சரி, முகம் மட்டும் களையிழந்து தெரிகிறது

இப்போதுதான் நிறத்துக்கு வருகிறோம். சோதனை எளிது. ஜன்னலுக்கு எதிரே நின்று, சந்தேகத்துக்குரிய சட்டையையும் உங்களுக்கு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்லும் இன்னொன்றையும் மாற்றி மாற்றித் தாடைக்குக் கீழே பிடியுங்கள். சட்டையைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே நிழல் கூடுகிறதா, தாடையின் அடிப்பக்கம் மஞ்சளாகவோ பச்சையாகவோ அழுக்கேறுகிறதா, பார்வை முகத்துக்குப் போகிறதா சட்டையிலேயே நின்றுவிடுகிறதா?

இரண்டு காரணங்கள் சேர்ந்து இதைச் செய்கின்றன. ஒன்று, சட்டையில் பட்ட வெளிச்சம் அதன் நிறத்தைச் சுமந்து தாடைக்கு ஏறுகிறது. வெள்ளை நிழலைக் கரைக்கும். கறுப்பு எதையும் திருப்பி அனுப்பாததால் நிழல் அப்படியே தங்கும். இரண்டாவது, பக்கத்தில் இருக்கும் நிறத்தைப் பொறுத்து ஒரு நிறம் மாறித் தெரிவது. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் மிஷெல் யூஜீன் செவ்ரல், கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை என்ற புகாரை ஆராயப் போய், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறங்களில்தான் இருக்கிறது என்று கண்டார். தன் முடிவுகளை 1839-ல் வெளியிட்டார். பச்சைக்குப் பக்கத்தில் தோல் சற்றுச் சிவப்பாகத் தெரியும். அடர் நிறத்துக்குப் பக்கத்தில் வெளுத்தும், வெள்ளைக்குப் பக்கத்தில் கறுத்தும் தெரியும். ஆக, ஒரே வெள்ளைச் சட்டை ஒரு விதத்தில் முகத்துக்கு வெளிச்சம் போடுகிறது, இன்னொரு விதத்தில் கறுக்கவும் வைக்கிறது. எது ஜெயிக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் பட்டியல்களை நம்பாமல் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பட்டியல் வேண்டாம் என்றாலும் அடிக்கடி நடக்கும் பிழைகளைச் சொல்லலாம். முதலாவது, தோலின் நிறத்தோடு கலந்துவிடும் சட்டை. வெளுத்த தோலில் வெளிர் பீஜ், வெளிர் ரோஸ், மாநிறத்தில் காக்கி, கறுத்த தோலில் மண் நிறம், நடுத்தரப் பழுப்பு. கழுத்து எங்கே முடிந்து சட்டை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் இது பட்டென்று பிடிபடும். தோலும் சட்டையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அதுதான் பிழை. இன்னும் அடர்த்தியாகவோ இன்னும் வெளிராகவோ போங்கள்.

கறுப்பாக இருப்பவர்கள் அடர் நிறமும் போடக் கூடாது, பளிச்சென்ற நிறமும் போடக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டையும் கழித்தால் மீதி இருப்பது மங்கலான சாம்பலும் பழுப்பும்தான், கறுத்த தோலுக்கு மிக மோசமானவை அவையே. மெரூன், மயில் நீலம், பாட்டில் பச்சை, கருநீலம், நல்ல வெள்ளை, தெளிவான மஞ்சள் எல்லாம் கறுத்த தோலில் நிற்பதைப் போல வெளுத்த தோலில் நிற்பதில்லை. அந்த அறிவுரை கண்ணிலிருந்து வந்ததல்ல, நிறத்தைப் பற்றிய கூச்சத்திலிருந்து வந்தது.

மாநிறத்தில் தொந்தரவு தருபவை பச்சை கலந்த மஞ்சள்களும் கடுகு நிறமும்; எல்லோருக்கும் இல்லை, ஆனால் தாடையில் நோய்வாய்ப்பட்ட சாயல் தெரிந்தால் முதலில் இவற்றைச் சந்தேகியுங்கள். வெளுத்த தோலுக்குத் தீவிரக் கறுப்பைவிடக் கருநீலம் மென்மை. தலை நரைக்கத் தொடங்கியவர்கள் பழைய சட்டைகளை மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். கறுத்த முடி கொடுத்த எடுப்பு போய்விட்டதால், முன்பு பொருந்திய வெளிர் நிறம் இப்போது மங்கலாக இருக்கலாம். வழுக்கையோடு அடர்ந்த தாடி வைத்திருப்பவருக்குத் தாடியே அந்த எடுப்பைக் கொடுத்துவிடும்.

மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து உங்கள் தோல் எந்த வகை என்று சொல்லும் சோதனையை நான் நம்புவதில்லை. நரம்பு எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது, வெளிச்சம் தோலில் எப்படிச் சிதறுகிறது என்பதைப் பொறுத்து அந்த நிறம் மாறும். கறுத்த தோலில் நரம்பே சரியாகத் தெரியாது.

ஒரு நிறம் பொருந்தவில்லை, ஆனால் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றால்? முகத்திலிருந்து தள்ளி வையுங்கள். கடுகு நிறப் பேன்ட் யாருடைய தாடையையும் கெடுக்காது. அல்லது உள்ளே வெள்ளை டி-ஷர்ட் போட்டு மேலே அந்தச் சட்டையைத் திறந்து விடுங்கள். கழுத்தருகே வெள்ளை குறுக்கே நிற்கும்.

கடையில் ஒரு நிறம், வெளியில் வேறு நிறம்

கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த கறுப்புக் கோட்டும் கறுப்புப் பேன்ட்டும் வெயிலில் ஒன்று செம்மையாகவும் ஒன்று நீலமாகவும் பிரியும். சாயக் கலவை வேறு. ஒரு விளக்கில் ஒத்துப்போகும், இன்னொன்றில் போகாது. ஜோடி சேர்ப்பதாக இருந்தால் கடை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

வெள்ளைச் சட்டைக்குள் பனியன் தெரிகிறது

வெள்ளைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் தோலுக்கும் பனியனுக்கும் உள்ள வேறுபாடு அப்படியே வெளியே தெரியும். தோல் நிறத்துக்கு நெருங்கிய பனியன் போட்டால் மறையும். அது கிடைக்காவிட்டால் சாம்பல்.

வியர்வைத் திட்டு

நடுத்தரச் சாம்பலும் வெளிர் நீலமும்தான் ஈரத்தை மோசமாகக் காட்டும். வெள்ளை, கருநீலம், சின்னப் பூப்போட்ட துணி இவற்றில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அக்குளை அறுக்கும் கைக்குழி இருந்தால் எந்த நிறமும் காப்பாற்றாது.

வாங்கும்போது சரியாக இருந்தது, துவைத்ததும் போய்விட்டது

நெய்யும்போதும் பின்னும்போதும் இழுத்துப் பிடித்த பருத்தி நூல், தண்ணீர் பட்டதும் தளர்ந்து தன் நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதுதான் சுருக்கம். 1930 வாக்கில் சான்ஃபோர்ட் கிளூவெட் என்ற அமெரிக்கர் துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கும் முறையைக் கொண்டுவந்தார். அப்படிச் சுருக்கியதாகக் குறிப்பு இருந்தால் பெரிய பயம் இல்லை. குறிப்பு இல்லாத பருத்திச் சட்டையை நீளம் மயிரிழையில் பொருந்தும்படி வாங்காதீர்கள். துணி எடுத்துத் தைப்பவர்கள் தைப்பதற்கு முன் ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காய வைத்துக் கொடுத்தால் போதும். பேன்ட்டையும் ஒருமுறை துவைத்த பிறகு கால் நீளத்தை வெட்டச் சொல்லுங்கள்.

டி-ஷர்ட்டின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கமாகத் திருகிக்கொண்டு வந்தால் காரணம் வேறு. பின்னலில் உள்ள நூலின் முறுக்கு தளர்ந்து, பின்னல் வரிசையே சாய்ந்துவிட்டது. இஸ்திரி போட்டால் நேராகும். அடுத்த துவையலில் மறுபடி திருகும். இதை டெய்லராலும் சரிசெய்ய முடியாது. வாங்கும்போது துணியை அருகில் வைத்துப் பாருங்கள். செங்குத்தாக ஓடும் நுண்ணிய பின்னல் வரிசை பக்கத் தையலுக்கு இணையாக இல்லாமல் குறுக்கே போய்க்கொண்டிருந்தால், அந்த டி-ஷர்ட்டை எடுக்காதீர்கள்.